ஏழைபடும் பாடா, பழிபடும் பாடா?

விக்டர் ஹியூகோ 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருங்கதையைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தார். அதற்கு 'ஏழைபடும் பாடு' என்று பெயரிட்டார். பெயர் நிலைத்துவிட்டது. 1950இல் கோவை பட்சிராஜா நிறுவனம், கே. ராம்நாத்தின் இயக்கத்தில், நாகையா நடிக்க அக்கதையைப் படமாக்கியபோதும் அதே பெயரைத்தான் சூட்டியது. அப்படத்தில் ஜாவர் என்னும் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், பின்னர் எத்தனையோ வேடங்கள் ஏற்றார், நாவல்களும் எழுதினார். ஆயினும் இறுதிவரை அவர் 'ஜாவர்' சீதாராமன்தான். ஒருமுறை ஒட்டிய பெயர் ஒரு மனிதரை விட்டு நீங்க மறுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டுமோ? இங்கே அது புகழாக ஒட்டியது. கதைத்தலைவன் ஜீன் வல்ஜீனுக்கோ பழியாக ஒட்டியது.

தமிழ்ப் பெயரைப் பற்றித்தான் இக்கட்டுரை. பிரெஞ்சு மூலத்தின் தலைப்பாக நிற்கும் சொல்லுக்கு ஏழை, துயருற்றோர் என்னும் பொருள் உண்டு. இழிந்தோர், பழிக்கப்பட்டோர் என்னும் பொருளும் உண்டு. துயருற்றவனும் இழிந்தவனும் ஓரெல்லையில் ஒன்றாகக் கலந்து ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள் என்று ஹியூகோவே கதையின் நடுவில் நின்று பேசுகிறார். தமிழ்த் தலைப்பில் முதற்பொருள் வந்தது, இரண்டாவது வரவில்லை. மொழிபெயர்த்தவரைக் குறை கூறும் நோக்கம் எமக்கில்லை. ஒரு சொல்லின் இரு பொருளையும் மற்றொரு மொழியின் ஒரு சொல்லில் அடைப்பது எவர்க்கும் அரிது. ஆனால் அத்தலைப்பின் வழியே கதைக்குள் புகும் தமிழர், பசியால் ஒருவன் ரொட்டி திருடினான், கொடிய சட்டம் அவனை வாட்டியது, ஓர் ஆயரின் அருள் அவனைத் திருத்தியது என்று மூன்று வாக்கியத்தில் அடக்கிவிடுகிறோம். வகுப்பிலும் மேடையிலும் அப்படியே சொல்கிறோம். ரொட்டித் திருட்டு நூலின் வாயிற்படி மட்டுமே. தண்டனையை முழுதும் கழித்து முடித்தவன்மேல் வழக்கு மட்டும் முடியாமல் தொடர்வதே வீடு.

கணக்கைப் பார்ப்போம். 1796இல் ரொட்டிக்காக வல்ஜீன் பெற்றது 5 ஆண்டு. தப்பியோட முயன்றதற்காக நான்கு முறையாக 3, 5, 3, 3 என்று சேர்ந்தது 14 ஆண்டு. ஆக 19 ஆண்டு தூலோன் துறைமுகத்தில் சங்கிலியோடு உழைத்து 1815இல் வெளியே வருகிறான். அவன் கையில் ஒரு மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு. செல்லுமிடமெல்லாம் அதை ஊர் அதிகாரியிடம் காட்ட வேண்டும். காட்டினால் சத்திரம் இல்லை, கூலி குறைகிறது, நாய்க்கொட்டிலும் இல்லை. அந்தச் சீட்டில் புதிய குற்றம் எதுவும் எழுதப்படவில்லை. கழிந்த குற்றமே எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே சட்டம் அறிந்தவர் ஒரு கேள்வி கேட்கலாம். ஒரே குற்றத்துக்கு ஒருவனை இருமுறை விசாரிக்கலாகாது என்னும் விதி பழமையானதன்றோ? ஆம். முன்பே இதற்காக விடுவிக்கப்பட்டேன், முன்பே இதற்காகத் தண்டிக்கப்பட்டேன் என்று எதிரி எழுந்து சொன்னால், அது மெய்யாயின், நீதிமன்றம் அத்துடன் வழக்கை மூட வேண்டும் என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் நெறி. அந்தச் சட்டம் நம் பினாங்குக்கு 1807ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்தோடு வந்தது. இன்று மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 7ஆம் விதி, இரண்டாம் உட்பிரிவில் அது நிற்கிறது: மேல்நீதிமன்றம் பழைய தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டாலன்றி, விடுதலையானவரையோ தண்டனை பெற்றவரையோ அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்கலாகாது. இந்திய அரசியலமைப்பில் இது 20ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரில் உள்ள சொல் தண்டனையைக் குறிப்பதன்று, இடரைக் குறிப்பது. இரண்டாம் முறை தண்டிக்கப்படுவது மட்டுமன்று, இரண்டாம் முறை கூண்டில் நின்று நடுங்குவதே இடர் என்று அச்சொல்லை ஆக்கியவர்கள் உணர்ந்திருந்தார்கள். 'இரட்டைத் தண்டனை' என்று நாம் தமிழில் சொல்லும்போது அந்த நடுக்கம் விடுபட்டுப்போகிறது.

சரி, இவ்விதி வல்ஜீனைக் காத்திருக்குமா? காத்திராது. இதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஆயரின் வீட்டிலிருந்து வெளியேறிய அன்றே அவன் ஒரு சிறுவனின் நாற்பது சூ நாணயத்தை மிதித்து மறைத்துக்கொள்கிறான். அறிவு தெளிந்து அழுது தேடும்போது சிறுவன் போய்விட்டான். சட்டத்தின் கண்ணில் அது புதிய குற்றம். பழைய ரொட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே இரட்டை விசாரணை என்னும் தடை எழாது. ஆனால் அந்த நாணயத்தை வேறொருவன் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எட்டாண்டு கழிந்தபின் அதைத் தேடி எவரும் வந்திரார். எடுத்தவன் வல்ஜீன் ஆகையால் 1823இல் அது வழிப்பறிக் கொள்ளை ஆகிறது. அவன் தனக்காக வாய் திறக்கவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் மன்னரால் ஆயுட்காலக் கடுங்காவலாகக் குறைக்கப்படுகிறது. நாற்பது சூவுக்கு எத்தனை நாள், கழிந்துபோன 19 ஆண்டுக்கு எத்தனை நாள் என்று அத்தீர்ப்பைப் பிரித்துப் பார்த்தால், பழைய குற்றம் மீண்டும் தண்டிக்கப்பட்டிருப்பது வெளிப்படும். விதி மீறப்படவில்லை, விதியின் பக்கத்தில் இருந்த சந்து வழியே தண்டனை நுழைந்துவிட்டது.

இதனைத் தெளிவாகக் காட்டவே ஆராஸ் நகரத்து விசாரணையை ஹியூகோ அமைத்தார். சாம்மத்தியே என்னும் கிழவன் ஆப்பிள் பழமுள்ள ஒரு கிளையோடு பிடிபடுகிறான். தரையில் கிடந்ததை எடுத்தேன் என்கிறான். அது சில நாள் சிறையோடு போகவேண்டிய வழக்கு. ஆனால் அவன்தான் வல்ஜீன் என்று பழைய கைதியொருவன் கூறிவிட, ஆப்பிளின் எடை மாறிவிடுகிறது. இனி வழக்கு 'என்ன செய்தாய்?' என்பதன்று, 'நீ யார்?' என்பது. அதே செயல் சிறுவன் செய்தால் குறும்பு, மனிதன் செய்தால் சிறுகுற்றம், தண்டனை கழித்தவன் செய்தால் பெருங்குற்றம் என்னும் கருத்தை ஆசிரியர் ஜாவரின் வாயில் வைத்திருக்கிறார். அவர் இதைச் சினத்தோடு சொல்லவில்லை. கணக்கன் ஒருவன் தொகை சொல்வதுபோலச் சொல்கிறார்.

அந்நேரம் வேற்றுப் பெயரில் ஓர் ஊரின் தலைவனாக, தொழிற்சாலை நிறுவி ஆயிரவர்க்கு உணவளித்து வாழ்பவன் உண்மை வல்ஜீன். இரவெல்லாம் தன்னோடு போராடி அவன் நீதிமன்றம் வந்து 'நானே அவன்' என்கிறான். ஒருவரும் நம்பவில்லை. எவ்வாறு நிறுவுகிறான்? சாட்சி சொல்ல வந்த மூன்று கைதிகளையும் ஒவ்வொருவராக அழைக்கிறான். ஒருவனிடம், சிறையில் அவன் அணிந்திருந்த கட்டம் போட்ட பின்னல் தோள்பட்டியை நினைவூட்டுகிறான். இரண்டாமவனிடம், முத்திரை எழுத்துக்களை அழிக்க வலத்தோளை நெருப்பில் வைத்துச் சுட்டுக்கொண்ட தழும்பைச் சொல்கிறான். மூன்றாமவன் இடக்கை மடிப்பில் நீலத்தில் பொறித்த நாளைச் சொல்கிறான். சட்டை விலக்கப்படுகிறது, எழுத்து இருக்கிறது. மற்றவர் உடம்பில் இருந்த வடுக்களைக் கொண்டு ஒருவன் தன் பழியை நிறுவும் இக்காட்சிக்கு ஒப்பான நீதிமன்றக் காட்சி உலக நாவலில் மிகச் சிலவே என்பது எம் துணிபு. ஏழ்மைக்கு இக்காட்சியில் இடமே இல்லை என்பதையும் நோக்குக. கூண்டில் நிற்பவன் செல்வன், ஊர்த்தலைவன். அவனை அழிப்பது வறுமையன்று, பழி.

ஜாவரைக் கொடியவனாகக் காட்டுவது நம் மேடை வழக்கம். அதுவும் தலைப்பின் விளைவே. ஏழைக்கு எதிரே ஒரு கொடியவன் வேண்டுமல்லவா? மூலத்தின் ஜாவர் கையூட்டு வாங்காதவர்; தம் பிழையைத் தாமே மேலாளரிடம் ஒப்புக்கொண்டு பதவி நீக்கம் கேட்பவர். ஆற்றில் விழுந்து உயிர்விடுமுன் அவர் கடைசியாக எழுதுவது சிறை நிர்வாகக் குறிப்புகள். விசாரணையிலிருந்து திரும்பும் கைதிகளைக் காலணியின்றிக் கல்தரையில் நிற்க வைப்பதால் பலர் இருமலோடு திரும்புகிறார்கள் என்பது அவற்றுள் ஒன்று. இத்தகைய ஒருவரைக் கொடியவர் என்று தள்ளிவிட்டால், நல்லவர் கையிலும் அந்தச் சட்டம் அவ்வாறே வேலை செய்யும் என்னும் ஆசிரியரின் கருத்து போய்விடுகிறது.

இவையெல்லாம் பிரெஞ்சு நாட்டுச் செய்தி என்று பினாங்கில் இருக்கும் நாம் ஒதுக்க முடியாது. வல்ஜீன் தூலோனில் சங்கிலி இழுத்ததாகக் கதை கூறும் அதே ஆண்டுகளில் நம் தீவும் ஒரு தூலோனாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1860கள் வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஜார்ஜ் டவுனின் சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்கள் உழைப்பு கிடக்கிறது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 'அட்மிரல் நெல்சன்' என்னும் கப்பல், பாளையக்காரர் போரில் தோற்ற எழுபதுக்கு மேற்பட்டோரை ஏற்றிப் புறப்பட்டது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களுள் ஒருவன். வயது பதினைந்து அளவில். 1807ஆம் ஆண்டுப் பட்டயம் வருவதற்கு ஐந்தாண்டு முன்பே அவன் இங்கு வந்துவிட்டான் என்பது கருதத்தக்கது. அவர்களைத் தூத்துக்குடியில் காவல் செய்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படையதிகாரி 1818இல் பினாங்கில் துரைசாமியைக் கண்டதாகத் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். முப்பது வயதைச் சற்றே கடந்தவன் அவர் கண்ணுக்குத் தளர்ந்த கிழவனாகத் தோன்றினான்.

அக்காலத்தில் வங்காளத்திலும் சென்னையிலும் ஆயுட்கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சைகுத்தும் வழக்கம் சட்டப்படியே இருந்தது. 1849இல்தான் அது ஒழிந்தது. மஞ்சள் சீட்டைச் சட்டைப்பைக்குள் மடித்து வைக்கலாம். நெற்றியை எங்கே மடித்து வைப்பது?

தமிழ்நாட்டில் நம் கண்முன் இருக்கும் எடுத்துக்காட்டு வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1908 சூலை 7ஆம் நாள் நெல்லையில் நீதிபதி பின்ஹே, அவர் பேசியதற்கு ஒன்று, சுப்பிரமணிய சிவா பேசத் துணை நின்றதற்கு ஒன்று என இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். தலைக்கு இருபதாண்டாகக் கூட்டி நாற்பது ஆண்டு என்று மக்கள் பேசினர். மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது. 1912 டிசம்பர் 24ஆம் நாள் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தார். கோவையில் செக்கிழுத்ததை நாம் ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்கிறோம். அதன் பிறகு நடந்ததை அவ்வளவு சொல்வதில்லை. அவருடைய வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. கப்பல் ஓட்டியவர் சென்னையில் கடை வைத்துப் பிழைக்க முயன்றார். உரிமத்தைத் திரும்பப் பெற்றுத் தந்தவர் வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் பிள்ளை. செக்கு, நீதிமன்றம் விதித்த சிறைத்தண்டனையின் பகுதி. உரிமம் பறித்தது எந்தக் கூண்டிலும் நிறுத்தி விதிக்கப்பட்டதன்று. ஆயினும் அதன் வேதனை செக்கின் வேதனையினும் நீண்டது. அவரைப் பற்றிய நம் பாடங்கள் சிறைவாயிலில் முடிவது, ஹியூகோவின் கதையை ஆயர் வீட்டோடு முடிப்பது போன்றதே.

நீதிமன்றங்கள் இவ்விதியை எவ்வளவு ஒடுக்கமாகப் படிக்கின்றன என்பதற்கும் சான்று காட்டலாம். 1949இல் ஜெட்டாவிலிருந்து பம்பாய் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் இறங்கிய மக்பூல் உசேன் என்பவரிடம் 107 தோலாவுக்கு மேல் தங்கம் இருந்தது. சுங்க அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தார்கள். பின்பு அதே தங்கத்துக்காக அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்லர். ஆகவே முதலில் நடந்தது விசாரணையுமன்று, தண்டனையுமன்று என்று 1953இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட நுணுக்கத்தில் தீர்ப்புச் சரியாகலாம். தங்கத்தை இழந்தவரிடம் அது தண்டனையன்று என்று சொல்லிப் பார்க்கட்டும்!

நம் நாட்டிலேயே இதற்கு மறுதலையான ஒரு நிகழ்ச்சி. பினாங்கைச் சேர்ந்த வழக்கறிஞரும் அந்நாளில் ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினருமான கர்ப்பால் சிங், 1987 அக்டோபரில் 'லாலாங் நடவடிக்கை'யின்போது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காவலில் வைக்கப்பட்டார். அவர்மேல் கூறப்பட்டவற்றுள் ஒன்று நடவாத செயல் என்பது வெளிப்பட்டது. 1988 மார்ச் 9ஆம் நாள் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. சில மணி நேரத்தில் மீண்டும் கைது செய்யப்பட்டார். 1989 சனவரியில்தான் வீடு திரும்பினார். அரசியலமைப்பின் 7ஆம் விதி இங்கே ஒன்றும் செய்ய இயலாது. ஏனெனில் அவர்மேல் வழக்கே இல்லை. விசாரணை இல்லாத இடத்தில் மறுவிசாரணை எவ்வாறு உண்டாகும்? அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. ஜார்ஜ் டவுனில் உயர்நீதிமன்றத்தின் எதிரே, குடிமக்களின் உரிமைக்காக வாதாடி 1869இல் மறைந்த லோகன் என்னும் வழக்கறிஞருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் நிற்கிறது. அவ்வழியே செல்லும் ஆசிரியர்கள் மாணவர்க்கு அதைக் காட்டும்போது கர்ப்பாலின் அந்த ஒரு நாளையும் சேர்த்துச் சொல்லலாம்.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். பழியைத் துடைப்பது விடுவிப்பதினும் பெரிய வேலை என்பதைச் சிலப்பதிகாரம் அறிந்திருந்தது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் வார்த்திகன் கதையை நினைவுகூர்க. அவன் மகன் தக்கிணாமூர்த்தி பரிசாகப் பெற்ற அணிகளைக் கண்டு, புதையல் கவர்ந்தான் என்று ஐயுற்ற காவலர் தந்தையைச் சிறையிட்டனர். ஐயை கோயிற் கதவு திறவாது நின்றது. பாண்டியன் ஆராய்ந்தான். உண்மை தெரிந்ததும் 'சிறையைத் திற' என்று ஆள் அனுப்பிவிட்டு அவன் இருந்துவிடவில்லை. தன் ஆட்சியில் நேர்ந்த பிழை என்று ஒப்பினான். திருத்தங்காலையும் வயலூரையும் வழங்கினான். ஊரறிய நிலத்தில் விழுந்து வணங்கினான். கதவு அதன் பின்னரே திறந்தது. சங்கிலியைக் கழற்ற ஓர் ஏவலன் போதும். பழியைக் கழற்றப் பழி சுமத்திய அரசே குனிய வேண்டும் என்பது அடிகள் கண்ட முறை. வார்த்திகன் குற்றமற்றவன், வல்ஜீன் குற்றம் செய்தவன் என்று வேறுபாடு காட்டுவார் உண்டு. வேறுபாடு மெய்யே. ஆனால் 19 ஆண்டு கழித்தவனுக்கு அக்குற்றத்தின் பேரில் இன்னும் என்ன பாக்கி என்பதை அவர்கள் சொல்ல வேண்டும்.

இக்காலச் சட்டங்கள் சில இதைத் தொட முயன்றிருக்கின்றன. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த காலம் குற்றமின்றி வாழ்ந்தவரின் பழைய தண்டனை 'கழிந்தது' என்று கொள்ள வழி செய்தது. சிங்கப்பூரிலும் சிறு குற்றங்களுக்கு அத்தகைய ஏற்பாடு உண்டு. மலேசியாவில் 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரிலேயே குற்றவாளிகளோடு 'விரும்பத்தகாதோர்' என்றொரு வகையினர் இடம்பெறுகின்றனர். ஹியூகோவின் தலைப்பிலுள்ள இரண்டாம் பொருளை மொழிபெயர்க்கச் சொல் தேடுவோர் அதை ஒருமுறை பார்க்கலாம்.

நூலின் கடைசிப் பகுதி இன்னும் இருக்கிறது. சுருக்கி எழுதுவோர் கை முதலில் செல்லும் இடம் அதுவே. அங்கே ஓட்டமும் துரத்தலும் இல்லை. வளர்ப்பு மகள் கோசெத்துக்குத் திருமணம் முடிந்தபின், வல்ஜீன் மருமகன் மாரியஸிடம் தான் யார் என்பதைத் தானே சொல்லிவிடுகிறான். மாரியஸ் கற்றவன், விடுதலைக்காகத் தெருவில் நின்று போரிட்டவன். அவன் போலீசாரை அழைக்கவில்லை. மாமனார் மாலைதோறும் கீழ்த்தளத்து ஈர அறையில் மகளைக் கண்டு செல்ல இசைகிறான். முதல் நாள் அறையில் கணப்பு எரிகிறது. பின் ஒரு நாள் கணப்பு மூட்டப்படவில்லை. பிறகு நாற்காலிகள் கதவருகே தள்ளிப் போடப்படுகின்றன. அடுத்து ஒரு நாள் நாற்காலிகளே இல்லை. ஒருவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. கிழவன் புரிந்துகொள்கிறான், வருவதை நிறுத்துகிறான். ஜாவர் இறந்து பல மாதம் ஆனபின் நடப்பது இது. படுக்கையில் கிடந்து இறக்கும்போது, தன் கல்லறைக் கல்லில் பெயர் எதுவும் பொறிக்க வேண்டா என்று கேட்டுக்கொள்கிறான். அவ்வாறே அக்கல் வெறுமையாக விடப்பட்டது.